யானைத் தந்த வயலின்

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டை வாயிலைக் கடந்து பத்மநாபசுவாமி கோயிலை நோக்கி நடப்போர், பத்மதீர்த்தக் குளத்தின் அருகே ஓடு வேய்ந்த பழைய மாளிகை ஒன்றைக் காண்பர். அதன் மேல்தளத்துக் கூரையைத் தாங்குவன போல மரக்குதிரைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் எண்ணிக்கை 122. அதனால் அம்மாளிகைக்குக் குதிரை மாளிகை என்னும் பெயர் வழங்கலாயிற்று. அதனைக் கட்டுவித்தவர் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இராமவர்மா.

அவர் இவ்வுலகில் வாழ்ந்தது 33 ஆண்டுகளே. ஆயினும், அவர் இயற்றிய பாடல்கள் இன்றும் வாழ்கின்றன. ஆண்டுதோறும் சனவரித் திங்களில் அம்மாளிகையின் முற்றத்தில் இசைவிழா நடைபெறுகிறது. பாடகர் நடுவில் அமர்ந்திருப்பார். ஒருபுறம் மிருதங்கம் முழங்கும். மறுபுறம் வயலின் இசைக்கும். மிருதங்கம் நம் மண்ணில் பிறந்த கருவி. வயலினோ கடல் கடந்து வந்தது. சுவாதித் திருநாள் பிறந்த காலத்தில் தென்னாட்டு இசையரங்குகளில் வயலினுக்கு இடமே இல்லை. அயல்நாட்டுக் கருவியாகிய வயலின் நம் இசையில் வேரூன்றுவதற்குத் துணைநின்றவர்களுள் இம்மன்னர் குறிப்பிடத்தக்கவர். அவருடைய வரலாற்றையும், அவரை நாடி வந்த தமிழிசைக் கலைஞர் ஒருவரின் வரலாற்றையும் சேர்த்தே அறிதல் வேண்டும்.

கருவிலேயே அரசர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் முழு உரிமையுடைய அரசாக இருக்கவில்லை. 1805ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, அது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுதோறும் பெருந்தொகையைக் கப்பமாகச் செலுத்தி வந்தது. கம்பெனியின் சார்பில் ரெசிடென்ட் என்னும் அதிகாரி ஒருவர் அரசின் செயல்களைக் கண்காணித்தார். 1809ஆம் ஆண்டு வேலுத்தம்பி தளவாய் கம்பெனியை எதிர்த்துப் போரிட்டு வீழ்ந்தார். அதன்பின் கம்பெனியின் பிடி மேலும் இறுகியது.

1810ஆம் ஆண்டு அரசி கௌரி இலக்குமிபாய் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது, அரச குடும்பத்தில் அரியணைக்கு உரிய ஆண்மகவு இல்லை. திருவிதாங்கூரில் மருமக்கள் வழியே அரசுரிமை செல்லும். அரசரின் உடன்பிறந்தாளுடைய மகனே அடுத்த அரசன் ஆவான். எனவே, அரசிக்குப் பிறக்கும் குழந்தையை நாடே எதிர்நோக்கியிருந்தது. 1813ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 16ஆம் நாள், சுவாதி விண்மீன் கூடிய வேளையில் ஆண்குழந்தை பிறந்தது. பிறப்பதற்கு முன்பே அரசுரிமை உறுதியாகியிருந்தமையால், அக்குழந்தையைக் கருவிலேயே திருவுடையவன் எனப் பொருள்படும் கர்ப்ப ஸ்ரீமான் என்னும் பெயரால் போற்றினர். அரண்மனைக் கவிஞர் இரயிம்மன் தம்பி அக்குழந்தைக்காக மலையாளத்தில் தாலாட்டுப் பாடல் ஒன்றை இயற்றினார். கேரளத்துத் தாய்மார் இன்றும் அத்தாலாட்டைப் பாடித் தம் குழந்தைகளை உறங்கவைக்கின்றனர்.

குழந்தை பிறந்து நான்கு திங்கள் கழிந்தபோது அரசி பேரவையைக் கூட்டினார். ரெசிடென்ட் கர்னல் மன்றோவும் நாட்டுப் பெரியோரும் சூழ்ந்திருந்த அவ்வவையில், தம் மகனைக் கம்பெனியின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். அரியணை உறுதியாயிற்று, ஆனால், அதன் நிழலில் மற்றொரு கை இருப்பதும் அன்றே உறுதியாயிற்று. மழலை மாறாப் பருவத்திலேயே இளவரசர் தாயை இழந்தார். தாயின் தங்கை கௌரி பார்வதிபாய், அவர் வளர்ந்து ஆளாகும் வரை நாட்டை ஆண்டதோடு, அவரையும் அவருடைய தமக்கை, தம்பி ஆகியோரையும் வளர்த்தார்.

கல்வியும் கணிதமும்

இளவரசரின் தந்தை இராசராசவர்மா கோயில் தம்புரான் வடமொழியில் வல்லவர். அவருடைய மேற்பார்வையில் சமஸ்கிருதமும் மலையாளமும் கற்பிக்கப்பட்டன. ஆங்கிலம் கற்பிப்பதற்காகத் தஞ்சாவூரிலிருந்து சுப்பாராவ் என்பவர் வரவழைக்கப்பட்டார். ஆங்கிலத்தில் புலமை மிக்கவராதலால் அவரை ஆங்கிலச் சுப்பாராவ் என்றே மக்கள் அழைத்தனர். பாரசீகம், இந்துஸ்தானி, தெலுங்கு, கன்னடம், மராத்தி முதலிய மொழிகளும் இளவரசருக்கு அறிமுகமாயின.

1825ஆம் ஆண்டு கர்னல் வெல்ஷ் என்னும் ஆங்கிலேயர் திருவனந்தபுரம் வந்தார். அப்போது இளவரசருக்கு வயது 12. வந்தவர் முன்னிலையில் அவர் ஆங்கில நூலொன்றைத் தெளிவாகப் படித்தார். பின்னர்ப் பலகையில் படம் வரைந்து, யூக்ளிடின் வடிவியல் தேற்றம் ஒன்றை விளக்கினார். வடிவியலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் சமஸ்கிருதச் சொல்லுக்கும் உள்ள ஒலி ஒற்றுமையையும் எடுத்துக்காட்டினார். இச்செய்திகளை வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் வியப்புடன் பதிவு செய்துள்ளார். எங்கிருந்து வந்த அறிவாயினும் ஆராய்ந்து ஏற்கும் இயல்பு அவருக்கு இளமையிலேயே அமைந்திருந்தது.

அரியணையில் ஓர் இளைஞர்

1829ஆம் ஆண்டு, 16 வயது நிரம்பியதும், சுவாதித் திருநாள் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். தம் ஆசிரியர் சுப்பாராவைத் திவானாக அமர்த்தினார். கொல்லத்தில் இயங்கி வந்த தலைமை அரசு அலுவலகத்தைத் திருவனந்தபுரத்திற்கு மாற்றினார். நிருவாகத்தைத் தாமே நேரில் கவனிப்பது அதனால் எளிதாயிற்று. சட்டங்களைத் தொகுக்கச் செய்து, நீதிமன்றங்களைச் சீரமைத்தார். சுசீந்திரம் கோயிலில் கைமுக்கு என்னும் கொடிய வழக்கம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கும் நெய்யில் கையை இட்டுத் தம் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டும். அவ்வழக்கத்தை ஒழித்த பெருமை இம்மன்னருக்கு உண்டு.

1834ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி ஒன்று அவருடைய ஆதரவில் தொடங்கியது. இன்று நகரின் நடுவே விளங்கும் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அப்பள்ளியே வித்து. அரசு அச்சகம் நிறுவப்பட்டது. 1836ஆம் ஆண்டு மக்கள்தொகை கணக்கிடப்பட்டது. 1837ஆம் ஆண்டு வானிலும் கோள்களிலும் ஆய்வு செய்வதற்கு ஒரு வானாய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. ஆலப்புழையில் வணிக அதிகாரியாக இருந்த ஜான் கால்டிகாட் வானியலில் ஈடுபாடு கொண்டவர். அவரை அழைத்து அக்கூடத்தின் தலைவராக மன்னர் அமர்த்தினார். நம் நாட்டுக் கணியர் கூறும் கணக்கையும் ஐரோப்பியக் கருவிகள் காட்டும் கணக்கையும் ஒப்பிட்டு அறிய வேண்டும் என்னும் வேட்கையே அதற்குக் காரணம்.

தஞ்சையிலிருந்து வந்தவர்கள்

அறிவியலில் திறந்த மனம் கொண்டிருந்த மன்னர், இசையிலும் அவ்வாறே விளங்கினார். அவருடைய அவையில் கேரளக் கலைஞர்களுடன் தமிழ்நாடு, மராட்டியம், வடஇந்தியா ஆகிய பகுதிகளைச் சேர்ந்த கலைஞர்களும் இடம்பெற்றனர். தஞ்சையிலிருந்து வந்த மேருசுவாமி, கதையும் பாட்டும் கலந்து உரைக்கும் கதாகாலட்சேபக் கலையில் வல்லவர். அவருடைய குரலினிமையைப் பாராட்டி, குயிற்குரலோன் எனப் பொருள்படும் பட்டத்தை மன்னர் வழங்கினார். திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசரின் மாணவர் கன்னையா பாகவதரும் அவையை அணிசெய்தார். பாலக்காட்டிலிருந்து பரமேசுவர பாகவதர் வந்து சேர்ந்தார்.

அவ்வாறு வந்தவர்களுள் தலைசிறந்தவர்கள் தஞ்சை நால்வர் எனப் போற்றப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தோர். தலைமுறை தலைமுறையாக இசையும் ஆடலும் வளர்த்த குடும்பத்தினர் அவர்கள். இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதரிடம் அவர்கள் இசை பயின்றனர். இன்று பரதநாட்டிய அரங்கில் அலாரிப்பு, சதிசுரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என ஓர் ஒழுங்கு பின்பற்றப்படுகிறது. அவ்வொழுங்கை வகுத்தவர்கள் அந்நால்வரே. தஞ்சை அரசவையில் ஏற்பட்ட மனவேறுபாட்டால் அவர்கள் ஊரைவிட்டு வெளியேறினர் என்பர். 1830ஆம் ஆண்டையொட்டி அவர்கள் திருவனந்தபுரம் வந்தனர்.

பிறந்த மண்ணைவிட்டு வந்தவர்களுக்குப் புகுந்த ஊரில் மதிப்புக் கிடைக்குமோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. தஞ்சைக் கலைஞர்களுக்கு அவ்வையம் நீடிக்கவில்லை. மன்னர் அவர்களை வரவேற்று அவைக் கலைஞர்களாக்கினார். காலப்போக்கில் மற்றவர்கள் தஞ்சைக்குத் திரும்பினர். இளையவரான வடிவேலு மட்டும் திருவனந்தபுரத்திலேயே தங்கினார். 1810ஆம் ஆண்டில் பிறந்த அவர், மன்னரைவிட மூன்று வயதே மூத்தவர். ஒருவர் நாடாளும் மன்னர்; மற்றவர் வாழ்வு தேடி வந்த கலைஞர். ஆயினும், இசை அவ்விருவரையும் நெருங்கிய தோழர்களாக்கியது. வர்ணம், பதம், தில்லானா முதலிய ஆடற்பாடல்களை மன்னர் இயற்றியதற்கு வடிவேலுவின் நட்பு பெருந்தூண்டுதலாக அமைந்தது. கேரளத்தின் மோகினியாட்டமும் அக்காலத்தில் அவர்களுடைய ஆதரவால் வளம் பெற்றது.

பியானோவும் வயலினும்

அக்காலத்தில் ஐரோப்பிய இசையுலகில் பியானோவே பெருஞ்சிறப்புப் பெற்ற கருவி. மொசார்ட்டும் பீத்தோவனும் வியன்னா நகரில் பியானோவின் முன் அமர்ந்தே தம் இசைப் படைப்புகள் பலவற்றை உருவாக்கினர். சுவாதித் திருநாள் அரியணை ஏறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1827ஆம் ஆண்டில், பீத்தோவன் மறைந்தார். ஐரோப்பியர் குடியேறிய இந்திய நகரங்களுக்கும் அவர்களுடைய கருவிகள் கப்பலில் வந்து சேர்ந்தன. ஆயினும், வயலின் பெற்ற இடத்தைத் தென்னிந்திய இசையில் பியானோ பெறவில்லை. இதன் காரணம் அக்கருவிகளின் அமைப்பிலேயே உள்ளது.

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால், உள்ளே சிறு சுத்தியல் ஒன்று கம்பியைத் தட்டும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுரம் வரையறுக்கப்பட்டுள்ளது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்குத் தாவலாமே தவிர, வழுக்கிச் செல்ல இயலாது. நம் இசையின் உயிரோ கமகத்தில் உள்ளது. சுரத்தை அசைத்தும் வளைத்தும் இழைத்தும் பாடுவதே கமகம். இரண்டு படிகளுக்கு இடையே உள்ள சரிவிலும் நம் இசை உலவும். பியானோவில் படிகள் மட்டுமே உண்டு.

வயலின் அத்தகையதன்று. அதன் கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் மெட்டுகள் இல்லை. விரல் கம்பியின்மீது எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம்; எவ்வளவு நுட்பமாகவும் நகரலாம். வில்லை இழுக்கும்வரை ஒலி நீளும். ஆகவே, மனிதக் குரல் செல்லும் இடமெல்லாம் வயலினும் நிழல்போலச் செல்ல வல்லது. இதனை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர். சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில், அவர் ஐரோப்பிய இசைக்கலைஞர் ஒருவரிடம் வயலின் பயின்று, நம் இராகங்களை அதில் இசைத்துக்காட்டினார்.

வடிவேலுவும் வயலினில் தேர்ந்தார். ஐரோப்பியர் நின்றபடி தோளுக்கும் முகவாய்க்கும் இடையே வயலினைத் தாங்கி வாசிப்பர். தென்னிந்தியக் கலைஞர்களோ தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, அதன் ஒருமுனையை மார்பிலும் மறுமுனையைக் காலிலும் ஊன்றி வாசிக்கலாயினர். கருவியின் உருவம் மாறவில்லை. அதைப் பிடிக்கும் முறையும் அதிலிருந்து எழும் இசையும் மாறின. வந்த கருவி இவ்வூர் வழக்கத்தைக் கற்றுக்கொண்டது எனலாம்.

வடிவேலுவின் வயலின் இசையில் மன்னர் உள்ளம் பறிகொடுத்தார். 1834ஆம் ஆண்டு, யானைத் தந்தத்தால் செய்யப்பட்ட வயலின் ஒன்றை அவருக்குப் பரிசாக அளித்தார். அது விலைமதிப்புமிக்க பரிசு மட்டுமன்று. அயலகக் கருவியாகக் கருதப்பட்ட ஒன்றுக்கு, அரசவை வழங்கிய ஏற்பும் அதுவே. அரங்கில் பாடுவோருக்குத் துணையாக வயலின் இசைக்கும் வழக்கம் பரவுவதற்கு வடிவேலுவின் திறமை வழிவகுத்தது. பரமேசுவர பாகவதர் போன்றோர் அவரிடம் வயலின் கற்றனர். அந்தத் தந்த வயலினை வடிவேலுவின் குடும்பத்தார் தஞ்சையில் போற்றிப் பாதுகாத்து வந்தனர்.

திருவையாற்றுக்குச் சென்று தியாகராசரைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துவருமாறு மன்னர் வடிவேலுவை அனுப்பினார் என்பது இசையுலகில் வழங்கும் செய்தி. வடிவேலுவின் இசையைக் கேட்டுத் தியாகராசர் மகிழ்ந்தார். ஆயினும், அரசவையை நாடிச் செல்வதில்லை என்னும் தம் கொள்கையை அவர் விடவில்லை. ஒரே காலத்தில் வாழ்ந்த அவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவருக்கும் இடையே பாலமாக இருந்தவை பாடல்களே.

பன்மொழிப் பாடல்கள்

சுவாதித் திருநாள் ஏறத்தாழ 400 பாடல்களை இயற்றியுள்ளார். அவற்றுள் பெரும்பாலானவை சமஸ்கிருதத்தில் அமைந்தவை. மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி ஆகிய மொழிகளிலும் அவர் பாடினார். கீர்த்தனம், வர்ணம், பதம், தில்லானா ஆகியவற்றோடு, வடஇந்திய இசைக்குரிய துருபத், கயால் முதலிய வகைகளிலும் பாடல்கள் செய்தார். பத்மநாபப் பெருமானின் அடியவராகத் தம்மைக் கருதியவராதலால், பத்மநாபன் என்னும் பெயரையோ அப்பெயரின் பொருளுடைய வேறு சொல்லையோ தம் பாடல்களில் முத்திரையாகப் பொறித்தார். எனவே, பாடல்களில் அரசரின் பெயர் இல்லை; இறைவனின் பெயரே உள்ளது.

நவராத்திரி ஒன்பது நாளுக்கும் அவர் ஒன்பது கீர்த்தனங்களை அமைத்தார். முதல் நாள் சங்கராபரணத்தில் தொடங்கி, கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி என வளர்ந்து, ஒன்பதாம் நாள் ஆரபியில் அவை நிறைவுறுகின்றன. ஆண்டுதோறும் நவராத்திரி மண்டபத்தில், அந்தந்த நாளுக்குரிய பாடலே முதன்மையாகப் பாடப்படுகிறது. அங்குப் பாடுவோர் தெய்வத் திருமுன் பாடுகின்றனர் என்பதே மரபு. ஆகவே, கேட்போர் கைதட்டுவதில்லை.

இவ்விழாவுக்குத் தமிழ்நாட்டோடு நெருங்கிய உறவு உண்டு. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து கலைமகளும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வந்து சேர்கின்றனர். அக்கலைமகள் திருவுருவம் கவிச்சக்கரவர்த்தி கம்பர் வழிபட்டது என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. பத்மநாபபுரத்தில் நடந்துவந்த நவராத்திரி விழா சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரத்திற்கு மாறியது என்பர். 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது, அம்மூன்று ஊர்களும் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டில் சேர்ந்தன. எல்லைக்கோடு மாறிய பின்னும் ஊர்வலம் நிற்கவில்லை. இரு மாநிலத்தாரும் ஒன்றுகூடி இன்றும் அத்தெய்வங்களை அழைத்துவருகின்றனர்.

துன்பம் நிறைந்த இறுதி ஆண்டுகள்

இசையில் மன்னர் பெற்ற உரிமையை ஆட்சியில் அவர் பெறவில்லை. 1837ஆம் ஆண்டு அவருடைய அன்புத் தமக்கை ருக்மிணிபாய் மறைந்தார். அதே ஆண்டில் சுப்பாராவும் திவான் பதவியிலிருந்து விலகினார். 1840ஆம் ஆண்டு ஜெனரல் கல்லன் ரெசிடென்டாகப் பொறுப்பேற்றார். அவர் நாட்டின் அன்றாட நிருவாகத்திலும் தலையிட்டார். பதவிகளுக்கு யாரை அமர்த்துவது என்பதில் மன்னரின் விருப்பத்தைவிட ரெசிடென்டின் விருப்பமே மேலோங்கியது. தம் நாட்டில் தாம் பெயரளவில் மட்டுமே மன்னர் என்பதை அவர் உணர்ந்து வருந்தினார்.

மனச்சோர்வு உடலையும் வாட்டியது. அவர் வெளியில் தோன்றுவதைக் குறைத்துக்கொண்டு, பத்மநாபப் பெருமானின் வழிபாட்டிலும் இசையிலும் ஆறுதல் தேடினார். ஆணை பிறப்பிக்கும் உரிமை சுருங்கச் சுருங்க, பாடல் இயற்றும் உள்ளம் அவருக்குப் புகலிடமாயிற்று. இக்காலத்தில்தான் குதிரை மாளிகை எழுந்தது. கோயில் கோபுரத்தைக் காணுமாறு அதனை அமைத்து, அங்கு அமர்ந்து பாடல் புனைந்தார் என்பர். ஆயினும், அங்கு நெடுநாள் வாழும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1846ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், 33ஆம் வயதில், அவர் இயற்கை எய்தினார். அவருடைய தம்பி உத்திரம் திருநாள் அரியணை ஏறினார். குதிரை மாளிகை நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. அவருடைய தோழர் வடிவேலுவும் நாற்பது வயதை எட்டுமுன்பே மறைந்தார்.

மீண்டும் ஒலித்த பாடல்கள்

மன்னர் மறைந்த பின்னர், முல்லமூடு பாகவதர்கள் எனப்படும் பாடகர் குடும்பத்தார் கோயிலிலும் நவராத்திரி மண்டபத்திலும் அவருடைய பாடல்களைப் பாடி வந்தனர். கேரளத்திற்கு வெளியே அப்பாடல்களை அறிந்தோர் சிலரே. பல பாடல்களின் சொற்கள் ஏட்டில் இருந்தும், அவற்றுக்குரிய மெட்டு மறக்கப்பட்டுவிட்டது.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்தபின் நிலைமை மாறியது. அரசி சேதுபார்வதிபாய் தம் முன்னோரின் பாடல்களைத் தேடித் தொகுக்க விரும்பினார். அப்பணிக்காகத் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரை அழைத்தார். பாகவதர் பழைய ஏடுகளை ஆராய்ந்தும், முதிய பாடகர்களிடம் கேட்டறிந்தும் பாடல்களைச் சுரப்படுத்தினார். 1939ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் இசைக் கல்வி நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டபோது, அவரே அதன் முதல் தலைவரானார். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற செம்மங்குடி சீனிவாச ஐயர் தஞ்சை மண்ணைச் சேர்ந்தவர். மெட்டு மறைந்துபோன பாடல்களுக்கு இருவரும் தக்க மெட்டு அமைத்தனர். தம் கச்சேரிகளில் அவற்றைப் பாடி, தென்னாடு முழுவதும் பரப்பினார் செம்மங்குடியார். தைக்காட்டில் உள்ள அந்நிறுவனம் இன்று சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி என வழங்குகிறது.

தஞ்சையிலிருந்து வந்த வடிவேலுவுக்கு அன்று திருவனந்தபுரம் வாழ்வளித்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின், தமிழ்நாட்டிலிருந்து வந்த இருவர் திருவனந்தபுரத்து மன்னரின் பாடல்களுக்கு மறுவாழ்வு அளித்தனர். இன்று அக்கல்லூரி வகுப்பறைகளில் மலையாளம் பேசும் மாணவரும் தமிழ் பேசும் மாணவரும் அருகருகே சம்மணமிட்டு அமர்ந்து வயலின் பயில்கின்றனர். அக்கருவி கடல் கடந்து வந்தது என்னும் நினைவே அவர்களுக்கு எழுவதில்லை.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. குதிரை மாளிகை அப்பெயர் பெற்றது ஏன்?
2. சுவாதித் திருநாள் கர்ப்ப ஸ்ரீமான் எனப் போற்றப்பட்டதற்குக் காரணம் யாது?
3. தஞ்சை நால்வரின் பெயர்களை எழுதுக.
4. கமகம் என்றால் என்ன?

ஆ. ஒரு பத்தியளவில் விடை எழுதுக.
1. தென்னிந்திய இசைக்குப் பியானோவைவிட வயலின் பொருந்தியது எவ்வாறு?
2. சுவாதித் திருநாள் ஆட்சியில் தளர்ந்தும் இசையில் தளராமல் நின்றதை விளக்குக.
3. நவராத்திரி விழா தமிழ்நாட்டையும் கேரளத்தையும் இணைக்கும் முறையை எழுதுக.

இ. செயல்பாடு
உன் பெற்றோரோ தாத்தா பாட்டியோ தம் ஊரைவிட்டு வந்தபோது உடன் கொண்டுவந்த பொருள், பாடல், பழக்கம் ஆகியவற்றுள் ஒன்றைக் கேட்டறிந்து, அது இன்று உன் வீட்டில் எவ்வாறு விளங்குகிறது என்பதைப் பத்துத் தொடர்களில் எழுதுக.